ஜங்ஷன் பாலமும் அக்கா வீட்டுக் கொடிக்கயிறும்

எங்கள் சங்கரன்கோவில் ஸ்டேஷனில் இப்போது சென்னைக்கு நேர் வண்டி உண்டு. ராத்திரிச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு ஏறிப் படுத்தால் விடியக்காலம் எழுந்து பல் தேய்க்கும்போது சென்னை வந்திருக்கும். அந்த வண்டிக்காக ஊர்க்காரர்கள் எத்தனை மனு கொடுத்தார்கள், எத்தனை பேரைப் போய்ப் பார்த்தார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது. கடைசியில் வண்டி வந்தபோது எல்லாருக்கும் சந்தோஷம். ஒருத்தருக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. அவர் என் அப்பா.

அப்பா பி.டி. வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவர். விசிலைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டு வந்தாரே தவிர, சத்தத்தைத் தொண்டையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். சென்னையில் இருக்கும் எங்கள் அண்ணனைப் பார்க்கப் போவதென்றால், நேர் வண்டியை விட்டுவிட்டுக் காலை வண்டியில் மதுரைக்குப் போவார். அங்கே மூட்டை முடிச்சோடு இறங்கி, ஜங்ஷனில் காத்துக் கிடந்து, வேறு வண்டி பிடித்துச் சென்னைக்குப் போவார். டிக்கெட் எடுக்கிற இடத்தில் தெரிந்தவர்கள் கிண்டல் பண்ணுவார்கள்.

"சாரே, வீட்டு வாசல்ல வந்து நிக்குத வண்டியை விட்டுட்டு மதுரைக்குப் போயி மாறுதீரே, என்ன கொடுமை வே இது?"

"ஒரே எடத்துல உக்காந்துக்கிட்டே போனா ரத்த ஓட்டம் என்னத்துக்கு ஆகும்? எறங்கணும், நடக்கணும், ஏறணும். அதான் ஒடம்புக்கு நல்லது" என்பார் அப்பா. பி.டி. வாத்தியார் சொல்வதால் அவர்களும் பாதி நம்பிவிடுவார்கள். எங்கள் வீட்டில் யாரும் நம்பியதில்லை. எங்களுக்குக் காரணம் தெரியும்.

காரணம் என் அக்கா. படிப்பு முடித்த கையோடு மதுரையில் டெலிபோன் ஆபீசில் அவளுக்கு வேலை கிடைத்தது. கூட வேலை பார்த்தவரை ரெஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். அவர் நம்ம ஆள் இல்லை. அப்பா கத்தவில்லை, கையை ஓங்கவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "இந்த வாசல்ல அவ கால் வைக்கக் கூடாது. அவ வாசல்ல நான் கால் வைக்க மாட்டேன். அவ வீட்டுல கை நனைக்கவும் மாட்டேன். இனிமே அவளோட எனக்குப் பேச்சு கிடையாது."

பேசாமல் இருப்பதில் எங்கள் பக்கத்து ஆட்களை மிஞ்ச ஆள் இல்லை. சண்டை போட்டால் ரெண்டு நாளில் ஆறிவிடும். பேச்சை நிறுத்தினால் தலைமுறை தாண்டும். கல்யாண வீட்டில் ஒரே பந்தியில் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்திருப்பார்கள். உப்பு வேண்டுமென்றால்கூட நடுவில் ஒரு ஆளை வைத்துத்தான் கேட்பார்கள். ஆள் அகப்படாவிட்டால் தூணைப் பார்த்துப் பேசுவார்கள். தூணும் எவ்வளவோ குடும்ப ரகசியங்களைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்கும்.

அந்தக் காலத்தில் மதுரைக்கு வடக்கே எல்லாம் அகலப் பாதையாகிவிட்டது. எங்கள் பக்கம் மட்டும் சின்ன லைன். எனவே சென்னைக்குப் போகிற யாரும் மதுரை ஜங்ஷனில் இறங்கி மாறித்தான் ஆக வேண்டும். எனக்கு அது பெரிய கொண்டாட்டம். எங்கள் ஸ்டேஷனில் இருந்ததெல்லாம் ரெண்டு சிமெண்ட் பெஞ்சும் ஒரு வேப்ப மரமும்தான். ஜங்ஷனிலோ நடைமேடைக்கு மேல் நடைமேடை, புத்தகக் கடை, பால் பூத், வரிசையாகக் குடிநீர்க் குழாய்கள். காசைப் போட்டால் விளக்குகள் சுற்றிச் சுற்றி எரிந்து, எடையையும் எதிர்காலத்தையும் ஒரே அட்டையில் அடித்துக் கொடுக்கும் மெஷின் ஒன்றும் இருந்தது. என் எடை ஏறிக்கொண்டேதான் இருந்தது. எதிர்காலம் மட்டும் ஒவ்வொரு தடவையும் பிரகாசமாக இருந்தது.

அக்கா போன பிறகு முதல் தடவை நாங்கள் சென்னைக்குக் கிளம்பியது ஒரு பரீட்சை லீவில். அம்மா அக்காவுக்கு ரகசியமாகத் தகவல் சொல்லியிருந்தாள். எங்களுக்குத் தெரியாது. வண்டி நின்று நாங்கள் இறங்குகிறோம், எதிரே அக்கா நிற்கிறாள், கையில் தூக்குச்சட்டியோடு. அப்பா அப்படியே விறைத்துப் போனார்.

"இது யாரு பாத்த வேல?" என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மா அன்றைக்குச் சொன்ன பதிலை எந்த வக்கீலும் சொல்லியிருக்க மாட்டார். "இது ரயில்வேக்காரன் எடம். உங்க வாசலும் இல்ல, அவ வாசலும் இல்ல. நீங்க சொன்ன சொல்லுக்கு ஒரு கொறையும் வரல. பேசணும்னு உங்கள யாரும் கேக்கல, எங்கிட்டுப் போய் நிக்கணுமோ நில்லுங்க."

அப்பா நடைமேடையைக் கடக்கும் பாலத்தில் ஏறிப் போய்விட்டார். எங்கள் வண்டி வர நேரம் இருந்தது. அம்மாவும் அக்காவும் அவ்வளவு நேரமும் அழுதார்கள், சிரித்தார்கள், கூட்டாஞ்சோறு சாப்பிட்டார்கள். அம்மா ஊரிலிருந்து மல்லிகைப் பூவும், கோவில் புற்றுமண்ணும் கொண்டு வந்திருந்தாள். மதுரைக்கு மல்லிகைப் பூ கொண்டு போவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். ஆனால் அக்கா அதை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டு நெடுநேரம் எடுக்கவில்லை. அப்போது அவள் சொன்னாள், கொஞ்சம் உரக்கவே: "அந்தப் பாலத்துல நின்னா எங்க மாடி தெரியும்மா. மேக்கு வாசல் பக்கம், பச்சைத் தண்ணித்தொட்டி இருக்குல்லா, அதான்."

வண்டியில் அம்மா அதை யாரிடமோ சொல்வது போல ஜன்னல் கம்பியிடம் திருப்பிச் சொன்னாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு தூங்குவது போல இருந்தார். தூங்கவில்லை. தூங்கினால் அவர் குறட்டை விடுவார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அதுதான் வழக்கம். வண்டியை விட்டு இறங்கியதும் அப்பா பெட்டிகளைப் பெஞ்சில் வைப்பார். "நான் மேல போயி காத்து வாங்கிட்டு வாரேன்" என்று தூணிடம் சொல்லிவிட்டுப் பாலத்தில் ஏறுவார். மதுரை வெயிலில் அந்தத் தகரக் கூரைக்கு அடியில் காற்று எங்கிருந்து வரும்? மகள் கீழே நிற்கிறாள். அவளை ஏறிட்டுப் பார்க்காமல், அவள் வீட்டுக் கொடிக்கயிற்றைப் பார்க்க மேலே போகிறார். இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அப்போது கோபம்தான் வந்தது.

திரும்பி இறங்கி வந்து அம்மாவிடம் செய்தி சொல்வார். "கொடி பூரா சின்னச் சின்னத் துணியா காயுது. புள்ளை பிறந்திருக்கும் போல." அக்கா பக்கத்திலேயே குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டுதான் நின்றிருந்தாள். இன்னொரு வருஷம், "யூனிபாரம் காயுது. பள்ளிக்கூடத்துல சேத்தாச்சு." பிறகு அக்காவும் தங்கையுமாக நாங்கள் ரெண்டு பேரும் தனியாக இருக்கும்போது அக்கா என்னிடம் சொன்னாள்: "ஏட்டி, அப்பா வருத அன்னைக்கு நான் பாத்துப் பாத்துல்லா காயப் போடுதேன். நனைக்காத துணியைக்கூட நனைச்சுப் போடுதேன்."

அவள் பையன் என்.சி.சி.யில் சேர்ந்த வருஷம் அப்பா பாலத்திலிருந்து ரெண்டு ரெண்டு படியாக இறங்கி வந்தார். மூச்சு வாங்கியது. முகமெல்லாம் சிவந்திருந்தது. தூணைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "காக்கி டிரெஸ்ஸை இப்படிக் கசங்கலாவா காயப் போடுவாவ? கஞ்சி போடணும். உதறி, மடிப்பு நேரா வச்சுல்லா போடணும். பரேடுல வெளிய நிப்பாட்டிருவான்." அடுத்த தடவை அந்தக் காக்கிச் சட்டை கொடியில் அட்டை மாதிரி விறைப்பாக நின்றது. அப்பா அன்றைக்கு வழக்கத்தைவிட நேரம் கழித்துத்தான் கீழே வந்தார். கூட்டாஞ்சோற்றை ரெண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

அக்கா கொண்டு வந்த சோற்றை அவர் எப்படிச் சாப்பிட்டார் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார். தட்டு எங்கள் வீட்டுத் தட்டு. கை கழுவிய தண்ணீர் ரயில்வே தண்ணீர். உட்கார்ந்த பெஞ்சு சர்க்கார் பெஞ்சு. சோறு மட்டும் யார் கையில் இருந்து வந்தது என்று அவர் விசாரிக்க மாட்டார்.

ஒரே ஒரு தடவை அக்கா வரவில்லை. அம்மா கூட்டத்தில் முகம் முகமாகத் தேடினாள். அப்பா பாலத்தில் ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். கொடியில் ஒன்றுமே இல்லை என்றார். எங்கள் சென்னை வண்டி வந்தது, நின்றது, போனது. அப்பா பெட்டியைத் தொடவே இல்லை. நடைமேடைக் கடைசியில் இருந்த டெலிபோன் பூத்தைக் காட்டி, "போயி என்ன ஏதுன்னு கேளு" என்று அம்மாவை அனுப்பினார். அக்காவுக்கு டைபாய்டு, தேறிவிட்டாள், பயப்பட ஒன்றுமில்லை என்று அம்மா வந்து சொன்ன பிறகுதான் குழாயடிக்குப் போய் முகம் கழுவினார். அப்போதாவது மேற்கு வாசல் வழியே இறங்கிப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. மறுபடியும் ஒரு தடவை பாலத்தில் ஏறி இறங்கிவிட்டு, அடுத்த வண்டி எப்போது என்று விசாரிக்கப் போனார்.

பிறகு எங்கள் லைனையும் அகலமாக்குகிறோம் என்று தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். ரொம்ப நாள் வண்டியே இல்லை. பஸ்ஸில் போனோம். பஸ் ஸ்டாண்டில் பாலமும் இல்லை, காத்திருக்க இடமும் இல்லை. அம்மாவும் அக்காவும் நின்றுகொண்டே ரெண்டு வார்த்தை பேசிக்கொள்வார்கள். அப்பா கண்டக்டரோடு வாய்த்தகராறில் இருப்பார். பெரிய லைன் வந்ததும் அப்பா முதல் ஆளாக ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கொஞ்ச நாளில் நேர் வண்டியும் வந்தது. அது ராத்திரி நேரத்தில் மதுரையில் சில நிமிஷம் நின்றுவிட்டுப் போய்விடும். அந்த இருட்டில் எந்தக் கொடி தெரியும்? ரத்த ஓட்டக் கதையை அப்பா ஆரம்பித்தது அப்போதுதான்.

வருஷங்கள் எப்படியோ போய்விட்டன. நான் உள்ளூரிலேயே ஒரு ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து, பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறேன். அக்கா பையன் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டான். செல்போனில் முகம் பார்த்துப் பேசுகிற வசதி வந்தது. அம்மா அக்காவோடு பேசும்போது அப்பா அதே அறையில் முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படிப்பார். பக்கத்தைத் திருப்பவே மாட்டார்.

போன வருஷம் எங்கள் கோவில் ஆடித்தவசுத் திருவிழா முடிந்த கையோடு அம்மாவுக்கு முட்டுவலி முற்றிவிட்டது. வாசல் தாண்டுவதே பெரும்பாடு. அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு அப்பாவும் நானும் மட்டும் கிளம்பினோம். கிளம்புகிற காலையில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே எனக்கு ஜங்ஷன் கிடையாதுட்டி. அவ இங்கன வர முடியாது, நான் அங்கன போக முடியாது. என் புள்ளைய தொட்டுப் பாக்காமலே போய்ச் சேந்துருவேன் போல." அப்பா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தது எனக்குத் தெரியும். வார் ஒழுங்காகத்தான் மாட்டியிருந்தது. அதைக் கழற்றி மறுபடியும் மாட்டினார்.

மதுரை ஜங்ஷன் இப்போது ஆளே மாறிவிட்டது. நகரும் படி, லிஃப்ட், ஏ.சி. வெயிட்டிங் ஹால், பெட்டி எங்கே வந்து நிற்கும் என்று காட்டுகிற எலக்ட்ரானிக் போர்டு, நடக்க முடியாதவர்களை ஏற்றிப் போக பேட்டரி கார். எடை மெஷினைத்தான் காணோம். நகரும் படிக்குக் கீழே கிராமத்துப் பெண்கள் சிலர் சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, காலை எடுத்து வைப்பதும் பின்னால் இழுப்பதுமாக நின்றார்கள். அப்பாவால் பொறுக்க முடியவில்லை. "யோசிக்காதிய! வலது கால் முன்னால... வை!" என்று ஒரு அதட்டல் போட்டார். அத்தனை பேரும் ஏறிவிட்டார்கள். ஆனால் அவர் ஏறவில்லை. எண்பது தாண்டிய கால், சத்தத்துக்குக் கட்டுப்படுகிற கால் இல்லை. நாங்கள் லிஃப்டில் போனோம்.

அக்கா கீழே பெஞ்சில் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. அப்பா தூணிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே வந்திருந்தார். பாலத்தில் அவருடைய வழக்கமான இடத்துக்குப் போய்க் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பச்சைத் தண்ணீர்த்தொட்டியைக் காணோம். அதை மறைத்துக்கொண்டு புதிதாக ஒரு அபார்ட்மெண்ட் எழும்பி நின்றது. அக்கா வீடு அதற்குப் பின்னால் மறைந்துவிட்டது. அப்பா பத்தடி இந்தப் பக்கம் நடந்து பார்த்தார், அந்தப் பக்கம் நடந்து பார்த்தார். எங்கே நின்றாலும் அந்தக் கட்டடம்தான்.

"தெரியலியே" என்றார். என்னிடம்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். ஆட்கள் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள். ஒலிபெருக்கியில் எந்த வண்டியோ எத்தனையாவது நடைமேடைக்கோ வருவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவர் அசையவில்லை. அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

கீழே வந்தோம். அக்கா எழுந்து நின்றாள். அப்பா தூணைத் தாண்டிப் போனார். அவளுக்கு நேரே போய் நின்று, முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னைக்குக் கொடியில என்ன காயப் போட்டிருக்கே?"

அப்பா அவளோடு பேசி அவள் பையன் வயதைவிட அதிக வருஷம் ஆகியிருந்தது. அக்கா தூக்குச்சட்டியை என் பக்கம் நீட்டினாள். நான் அதை வாங்கிக்கொண்டேன்.

"ஒண்ணும் போடலப்பா" என்றாள். "அந்தக் கட்டடம் வந்ததுல இருந்து மாடியில ஒண்ணும் போடுததில்ல. பாக்க ஆள் இல்லாம என்னத்தப் போட?"

அப்பா பாலத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "அப்ப துணியெல்லாம் எங்கன காயுது?" என்றார்.

"உள்ளதான். ஃபேனுக்கு அடியில."

"ஃபேன்ல போட்டா முடைவாடை அடிக்கும்லா. வெயில் படணும்." அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. "படிச்ச புள்ளைக்கு இதுகூடவா தெரியாது? நட, கயிறை எந்தப் பக்கம் மாத்திக் கட்டலாம்னு நான் வந்து பாக்கேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பேசினால் கலைந்துவிடுமோ என்று ரெண்டு பேருக்கும் பயம். அப்பா என் கையிலிருந்த தூக்குச்சட்டியைப் பிடுங்கிக்கொண்டார். "ஏட்டி, உங்க அண்ணனுக்குப் போன் போட்டு, இன்னைக்கு வண்டிக்கு வரலைன்னு சொல்லு. அதுக்கு முந்தி உங்கம்மைக்குப் போடு."

மேற்கு வாசலைத் தாண்டும்போது அம்மா போனை எடுத்தாள்.

"என்னட்டி, வண்டி மாறியாச்சா?"

"மாறலம்மா. அக்கா வீட்டுக்குப் போய்க்கிட்டு இருக்கோம். அப்பாவும்தான்."

கட் ஆகிவிட்டது என்று நினைத்துப் போனைப் பார்த்தேன். ஆகவில்லை. பிறகு அம்மா மெதுவாகக் கேட்டாள்: "அவிய முன்னால போறாவளா, உங்களுக்குப் பின்னால வாராவளா?"

நிமிர்ந்து பார்த்தேன். சத்தத்துக்குக் கட்டுப்படாத அந்தக் காலை எட்டி எட்டி வைத்து அப்பா போய்க்கொண்டிருந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, எந்தப் பக்கம் என்று திரும்பி அக்காவிடம் கேட்டார். அவள் கையைக் காட்டியதும் மறுபடியும் நடந்தார்.

"முன்னாலதாம்மா போறாவ" என்றேன்.